வெயில் ஏறுமுன் இறங்கு! – பூதலூர் கேள்வி-பதில்

சம்பா அறுத்து மூட்டை போட்டாயிற்று. தரிசில் தெளித்த உளுந்து காய் பிடித்திருக்கிறது. மேட்டூர் திறக்க ஜூன் 12 வரை நாள் கிடக்கிறது, அதுவும் அணையில் தண்ணீர் இருந்தால். இந்த ஓய்வில்தான் நம் பிள்ளைகளுக்கு இமயமலை ஞாபகம் வருகிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பனிமலைதான். உரத்தட்டுப்பாடு பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும்.

கேள்வி: ஏறுவதற்கு ஒரு கரடுகூட இல்லாத பூதலூரில் உட்கார்ந்துகொண்டு பனிச்சரிவைப் பற்றிப் பேச உமக்கு என்னய்யா தகுதி?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், செங்கிப்பட்டி

பதில்: ஒன்றும் இல்லை, ஐயா. நான் ஏறிய பெரிய உயரம் வைக்கோல்போர்; அதிலிருந்தும் விழுந்திருக்கிறேன். ஆனால் பனி என்பது என்ன? ஓடாமல் நிற்கிற தண்ணீர். எந்தத் தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கும், எந்தக் கரை எப்போது இளகும் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதே இந்த ஊர்ப் பிழைப்பு. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். தப்பிருந்தால் சிவப்பு மையால் சுழித்து அனுப்புங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டில் எங்காவது பனிச்சரிவு நடந்தது உண்டா?
– கல்லூரி மாணவி, திருக்காட்டுப்பள்ளி

பதில்: பனிச்சரிவு கிடையாது. ஆனால் அந்தப் பெயரில் ஓர் ஊரே இருக்கிறது. ஊட்டிக்கு அப்பால் அவலாஞ்சி. ‘அவலாஞ்ச்’ என்றால் ஆங்கிலத்தில் பனிச்சரிவு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே மலையின் ஒரு பக்கம் சரிந்து இறங்கியது. வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர் ஞாபகத்தில் அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். சரிந்தது மண், பெயர் பனிக்கு. 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. நம் தஞ்சாவூருக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே அதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல்.

இன்னொரு சங்கதியும் உண்டு. அவலாஞ்சித் தண்ணீர் குந்தா வழியாகப் பவானியில் விழுந்து, கூடுதுறையில் காவிரியோடு கலந்து, கல்லணைக்கு வருகிறது. ஆகவே தங்கச்சி, நம் வாய்க்காலில் ஓடுவதில் ஒரு மடக்காவது அவலாஞ்சியின் தண்ணீர். ‘உங்களுக்கும் அவலாஞ்சுக்கும் என்ன சம்பந்தம்?’ என்று யாராவது கேட்டால், தண்ணீர்வழிச் சொந்தம் என்று சொல்லுங்கள்.

கேள்வி: பனிச்சரிவில் நம்ம பக்கத்து ஆட்கள் இறந்திருக்கிறார்களா?
– முன்னாள் ராணுவத்தினர் ஒருவரின் மகன், வல்லம்

பதில்: இந்தப் பதிலில் விளையாட்டுப் பேச்சு இல்லை.

2016 பிப்ரவரி 3. சியாச்சின் பனியாற்றில் சோனம் என்கிற காவல் முகாம், சுமார் 19,600 அடி உயரம். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19-ஆவது பட்டாலியன் காவல் காத்த இடம். பத்துப் பேர் இருந்த முகாமின் மேல் பனி இடிந்து இறங்கியது. அந்தப் பத்துப் பேரில் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள்: வேலூர் மாவட்டத்து ஹவில்தார் ஏழுமலை, தேனி மாவட்டத்து லான்ஸ் ஹவில்தார் குமார், மதுரை மாவட்டத்து சிப்பாய் கணேசன், கிருஷ்ணகிரி மாவட்டத்து சிப்பாய் ராமமூர்த்தி. வெயிலில் பிறந்து வளர்ந்தவர்கள்.

ஆறாம் நாள், இருபத்தைந்து அடிக்கும் கீழேயிருந்து கர்நாடகத்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பட் உயிரோடு எடுக்கப்பட்டார். இடத்தைக் காட்டிக் கொடுத்ததில் மோப்ப நாய்களுக்கும் பங்கு உண்டு. பிப்ரவரி 11-ஆம் தேதி டெல்லி ராணுவ மருத்துவமனையில் அவரும் போய்விட்டார். ஆறு நாள் ஒருவர் தாங்கினார் என்பதை வைத்து, பனிக்கடியில் ஆறு நாள் இருக்கலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். அது நூற்றாண்டுக்கு ஒருமுறை நடப்பது. மற்றவர்களுக்குக் கணக்கு நிமிஷத்தில், பின்னால் சொல்கிறேன்.

சிப்பாய்க்கு ‘இன்றைக்கு வேண்டாம், திரும்பிவிடுகிறேன்’ என்று சொல்லும் வசதி இல்லை. காசு கட்டி மலைக்குப் போகிறவருக்கு அது இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் செத்தால் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: குளிர்காலத்தில்தானே பனி அதிகம்? பங்குனி, சித்திரையில் வெயில் வந்த பிறகு போனால் பயமே இல்லை என்கிறாரே டிராவல்ஸ்காரர்?
– இரண்டாம் ஆண்டு மாணவர், பூதலூர்

பதில்: தம்பி, கொள்ளிடத்தில் வெள்ளம் கரை தொட்டு ஓடும்போது தாங்கி நின்ற கரை, தண்ணீர் வடிகிற நேரத்தில் பொத்தென்று சரிவதைப் பார்த்ததில்லையா? ஊறிப்போன மண்ணுக்குப் பிடிமானம் போய்விடுகிறது. மலைப் பனியின் கதையும் ஏறக்குறைய அதுதான்.

குளிர்காலம் முழுக்க விழுந்த பனி ஒரே கட்டியாகக் கிடக்காது. ஒவ்வொரு பொழிவும் ஒரு பாய். பாய்மேல் பாயாக அடுக்கியிருக்கும். நடுவே ஒன்றிரண்டு அடுக்கு மட்டும் அஸ்கா சீனி மாதிரி மணிமணியாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கும். குளிர் இருக்கிறவரை எப்படியோ சமாளித்து நிற்கும். வெயில் ஏறினால் மேல்பனி உருகி, அந்தத் தண்ணீர் கீழே கசியும். சீனி அடுக்கைத் தண்ணீர் தொட்டால் என்ன ஆகும் என்று டீக்கடைக்காரரைக் கேள். இன்னும் கீழே போய்ப் பாறை வரை இறங்கினால், பாறைக்கும் பனிக்கும் நடுவே பாசி பிடித்த படித்துறைதான். பிறகு மொத்தப் படுகையும் கிளம்ப வேண்டியது பாக்கி.

ஆனால் இரவில் வானம் தெளிந்திருந்தால் அதே பனி மறுபடி உறைந்து, விடியும்போது சிமென்ட் களம் மாதிரி கெட்டியாகிவிடும். ஆகவே இந்தப் பருவத்தில் ஆபத்தை மாதக் கணக்கில் பார்க்கக் கூடாது, மணிக் கணக்கில் பார்க்க வேண்டும். காலை 6 மணிக்கு உன்னைத் தாங்குகிற இடம் 11 மணிக்குத் தாங்காது. இரவு மேகமூட்டமாக இருந்தால் பனி சரியாக உறையாது. அன்றைக்குக் காலை 6 மணியும் பகல் 11 மணிதான். பனியின்மேல் மழையே பெய்துவிட்டால் அறையில் உட்கார்ந்து சீட்டாடு.

டிராவல்ஸ்காரர் சொன்னதில் பாதி சரி. நன்றாக உறைந்த வசந்தகாலக் காலையில் பனி, நடுக்குளிர்காலத்தைவிட நம்பகமாகவே இருக்கும். எத்தனை மணிக்கு உன்னைக் கிளப்பி எத்தனை மணிக்குள் இறக்குவார் என்பதை அவர் சொன்னாரா?

கேள்வி: மலையில் சத்தம் போட்டால் பனி சரியும் என்று சினிமாவில் காட்டுகிறார்களே?
– சவுண்ட் சர்வீஸ் உரிமையாளர், பூதலூர்

பதில்: உங்கள் குழாய் ரேடியோ இரண்டைக் கட்டிவிட்டால் இமயமலையைத் தரைமட்டமாக்கிவிடலாம் என்று பார்க்கிறீர்கள். அந்த ஆர்டர் கிடைக்காது. பனி சத்தத்துக்குச் சரியாது, மிதிக்குச் சரியும். பொழுதுபோக்குக்காக மலைக்குப் போய் மாட்டிக்கொள்கிறவர்களின் கணக்கைப் பார்த்தால், பத்தில் ஒன்பது சரிவை மாட்டிக்கொண்டவரோ அவருடைய கூட்டாளியோதான் காலால் கிளப்பியிருக்கிறார்கள்.

கேள்வி: எந்தச் சரிவு ஆபத்து என்று கண்ணால் பார்த்தே சொல்ல முடியுமா?
– மினிலாரி ஓட்டுநர், திருக்காட்டுப்பள்ளி

பதில்: உங்களுக்கு இது சுலபம். லாரியிலிருந்து கொட்டிய மணல் தானாக நின்றுகொள்ளும் சாய்வு இருக்கிறதே, 30 டிகிரியும் சொச்சமும், அங்கேதான் ஆரம்பம். 30 முதல் 45 டிகிரி வரை பனிச்சரிவுக்கு ராசியான சாய்வு. 38-ஐ ஒட்டி உச்சம். அதைவிடச் செங்குத்தில் பனி தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். அதைவிடப் படுக்கையில் பெரும்பாலும் நகராது. கொள்முதல் நிலையத்தில் நெல் குவியலைப் பார்த்தாலும் கண்ணுக்குப் பழகும். (மணல் குவியலைப் பார்க்க இரவு 2 மணிக்குமேல் ஆற்றோரம் போக வேண்டும். நான் சொன்னதாகச் சொல்லிவிடாதீர்கள்.) செல்போனிலேயே சாய்வு அளக்கலாம்.

நிற்கும் இடம் சமதரை என்பதால் தப்பித்தோம் என்று நினைக்கக் கூடாது. தலைக்கு மேலே 38 டிகிரி இருந்தால், அது இறங்கி வரும் பாதையில் நிற்கிறீர்கள். அடியில் ஓடையோ பள்ளமோ இருந்தால் இன்னும் மோசம். வடிகாலில் வண்டல் சேர்கிற மாதிரி, சின்னச் சரிவு வந்தாலும் அங்கேதான் ஆள் உயரத்துக்குச் சேரும். காற்றுக்கு மறைவாக, சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்க வசதியாக இருக்கிறதே என்று அந்தப் பள்ளத்தில்தான் எல்லோரும் உட்காருவார்கள்.

மேலே முகட்டில் கூரை இறப்பு மாதிரி காற்றுவாக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் பனியின் மேல் நின்று செல்ஃபி எடுக்காதீர்கள். அடியில் அந்தரம். அது உடைகிற கோடு, நாம் நினைக்கிற இடத்துக்கு இன்னும் பின்னால்தான் இருக்கும்.

கேள்வி: பனி இளகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? மெஷின் ஏதாவது உண்டா?
– விவசாயி, அகரப்பேட்டை

பதில்: நெல்லுக்கு 17 சதவீத ஈரப்பதம் காட்டும் மெஷினிடம் பட்டது போதாதா மாமா? கை போதும். ஒரு பிடி பனியை அள்ளி அமுக்குங்கள். பிடிபடாமல் பொடியாக உதிர்ந்தால் காய்ந்த பனி. கொழுக்கட்டையாகப் பிடிபட்டால் ஈரம் வந்துவிட்டது. பிழிந்து தண்ணீர் சொட்டினால் மூட்டையைக் கட்டுங்கள், கொள்முதல் கிடையாது.

அடுத்தது கால். காலையில் பூட்ஸ் அடையாளம்கூடப் பதியாத இடத்தில் இப்போது கணுக்காலுக்கு மேல் புதைகிறதா? சேற்று வயலில் இறங்கிவிட்டோம் என்று அர்த்தம். பிறகு கண். சரிவில் ஆள் மிதிக்காமலே சின்னச்சின்னப் பனி உருண்டைகள் சக்கரமாகச் சுருண்டு வந்தால் அது தண்டோரா. பக்கத்துச் சரிவு விழுந்துவிட்டால் அது சம்மன். காதுக்கும் வேலை உண்டு: நடக்கும்போது காலடியில் ‘வும்ம்’ என்று அமுங்கும் ஓசை கேட்டால், உள்ளே ஓர் அடுக்கு நொறுங்கிவிட்டது.

பயிற்சி பெற்றவர்கள் இன்னொன்றும் செய்வார்கள். பள்ளம் வெட்டி, ஓரடி அகலத்துக்குப் பனித்தூண் ஒன்றைப் பிரித்து, அதன் தலையில் மண்வெட்டியை வைத்துத் தட்டுவார்கள். மணிக்கட்டிலிருந்து பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. தவில் வித்வான் ஒருவர் போனால் அருமையாகச் செய்வார். முதல் பத்திலேயே தூண் வழுக்கிவிட்டால் கச்சேரி ரத்து.

கேள்வி: கைடு அதிகாலை 2 மணிக்கு எழுப்பிவிட்டான். காசு கொடுத்துப் போனது தூக்கம் கெடவா?
– வங்கி ஊழியர், தஞ்சாவூர்

பதில்: அந்தக் கைடுக்கு டீக்காசு கொடுத்தீர்களா, திட்டிவிட்டு வந்தீர்களா? நடவு நட நம் பெண்கள் கருக்கலிலேயே வயலில் இறங்குவது எதற்கு? வெயில் முதுகில் ஏறுமுன் கட்டு முடிய வேண்டும் என்பதற்கு. எவரெஸ்ட் ஏறுகிற ஷெர்பாக்களும் கும்பு பனியருவியை நள்ளிரவு தாண்டித்தான் கடக்கத் தொடங்குவார்கள். பனி உறைந்து ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் நேரம் அது.

சூரியன் பிரதட்சிணமாகப் போகிறவன். காலையில் கிழக்குச் சரிவை இளக்குவான், உச்சியில் தெற்கை, பிற்பகலில் மேற்கை. நீங்கள் எப்போதும் அவனுக்கு ஒரு சந்நிதி முன்னால் இருக்க வேண்டும். வடக்குச் சரிவு வெயில் படாமல் குளிர்காலத்துச் சீனி அடுக்கைக் கடைசிவரை பத்திரமாக வைத்திருக்கும்; வருஷத்தின் முதல் பெரிய வெக்கை வரும்போது அதனிடம் போகாதீர்கள். பொதுவாக, பகல் சாப்பாடு சரிவைவிட்டு இறங்கி வந்த பிறகுதான்.

கேள்வி: நாங்கள் மலையேற மாட்டோம். காரில் போய்ப் பனியில் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவோம். எங்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா?
– புதுமணத் தம்பதி, தஞ்சாவூர்

பதில்: வாழ்த்துகள். பொருந்தும்.

2023 ஏப்ரல் 4-ஆம் தேதி சிக்கிமில் கேங்டாக்கிலிருந்து நாதுலா போகும் ஜவாஹர்லால் நேரு சாலையில், நண்பகலை ஒட்டிப் பனிச்சரிவு விழுந்தது. சுற்றுலா வந்த ஏழு பேர் இறந்தார்கள். மலையேற்றக்காரர்கள் அல்ல, வண்டியில் வந்தவர்கள். அன்று அனுமதி கொடுத்தது 13-ஆவது மைல் வரை. விழுந்தது 15-ஆவது மைல் பக்கம். மாதத்தைப் பாருங்கள், மணியைப் பாருங்கள், அந்த இரண்டு மைலைப் பாருங்கள்.

வண்டிகள் வரிசையாக நிற்கின்றன, எல்லோரும் பனியில் இறங்கி விளையாடுகிறார்கள் என்பது பாதுகாப்புக்கு அத்தாட்சி அல்ல. பனிக்கு ஆள் எண்ணத் தெரியாது. மேலே சரிவு இருக்கும் இடத்தில் இறங்காமல், திறந்தவெளியாக இருக்கும் இடத்தில் இறங்குங்கள். இன்னொன்று: வாடகைக் கோட்டைப் போட்டுப் பாருங்கள், பிறகு எடுங்கள். நான் மணாலிக்கு மேலே அப்படி ஒன்றை மாட்டிக்கொண்டு எடுத்த போட்டோவில், ஆச்சிக்குப் பக்கத்தில் நிற்பது கரடி என்றே என் பேரன் இன்றைக்கும் நம்புகிறான்.

கேள்வி: ஆபத்தான சரிவைக் கடந்தே ஆக வேண்டும் என்றால் எல்லோரும் கைகோத்துக்கொண்டு போகலாமா?
– கபடி அணித் தலைவர், பூதலூர்

பதில்: கூடவே கூடாது. வாய்க்காலுக்குக் குறுக்கே ஒற்றைத் தென்னைமரம் போட்ட பாலத்தில் எப்படிப் போவீர்கள்? ஒருவர் போய்ச் சேர்ந்த பிறகு அடுத்தவர். மற்றவர்கள் கரையில் நின்று, போகிறவர்மேல் வைத்த கண்ணை எடுக்கக் கூடாது. கபடி, கபடி எல்லாம் ஊரில்.

கேள்வி: என்னென்ன சாமான் எடுத்துப்போக வேண்டும்?
– ஹார்டுவேர் கடைக்காரர், செங்கிப்பட்டி

பதில்: மூன்று. உங்கள் கடையில் ஒன்றுகூட இல்லை. முதலாவது, நெஞ்சில் கட்டிக்கொள்ளும் டிரான்ஸீவர். உலகம் முழுக்க 457 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசை. புதைந்தவருடையது ‘இங்கே இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும், மேலே நிற்பவர் தன்னுடையதைத் தேடும் நிலைக்கு மாற்றிக்கொண்டு தேடுவார். இரண்டாவது, மடக்கினால் முழங்கை நீளமும் விரித்தால் இரண்டரை மூன்று மீட்டரும் வருகிற குத்துக்கம்பி. மூன்றாவது, உலோக மண்வெட்டி. நம் தோட்டத்து மண்வெட்டி இல்லை, பைக்குள் அடங்குவது.

மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் பாரம்தான். கூட்டத்தில் ஒருவரிடம் இருந்தால் போதும் என்பதும் தப்பு. அந்த ஒருவரே புதைந்துவிட்டால்? செல்போனை டிரான்ஸீவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், தேடும்போது முழத்துக்கும் மேலே தள்ளி வையுங்கள். குறுக்கே பேசிக் கெடுக்கும். நீங்கள் போகிற குழுவில் இவை இல்லை என்றால் 30 டிகிரிக்கு மேற்பட்ட பனிச் சரிவும் உங்களுக்கு இல்லை.

கேள்வி: புதைந்துவிட்டால் எவ்வளவு நேரம் தாங்கும்? ஹெலிகாப்டர் வருமா?
– செவிலியர், தஞ்சாவூர்

பதில்: பத்து நிமிஷத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி ஆனால் மூன்றில் ஒருவர் தேறுவதே பெரிய காரியம். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, குளிரைவிட மூச்சுத்திணறல்தான் முந்திக்கொள்கிறது. வெளிவிட்ட காற்றையே திரும்ப இழுத்து எத்தனை நேரம் ஓட்ட முடியும்? ஹெலிகாப்டர் வரும். பத்து நிமிஷத்தில் வராது. ஆகவே உங்களைத் தோண்டி எடுக்கப்போகிறவர் பக்கத்தில் நடந்து வந்தவர்தான். பயணம் போகுமுன் யாரோடு போகிறோம் என்று ஒருமுறை அவர் முகத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

சரிவு கிளம்பினால் ஓரத்துக்கு ஒதுங்கப் பார்க்க வேண்டும், கைத்தடியை விட்டுவிட வேண்டும், மேலே மிதக்கக் கைகாலை உதற வேண்டும். வேகம் குறைகிற கடைசி நொடியில் முகத்துக்கு முன்னால் கையை வைத்துக் காற்றுக்கு இடம் பண்ண வேண்டும். நின்ற பிறகு முடியாது. ஈரப்பனி நின்ற கணமே சிமென்ட். மேலே தப்பித்தவர்கள், ஆள் கடைசியாகத் தெரிந்த இடத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் அங்கிருந்து கீழ்நோக்கித் தேட வேண்டும். எல்லோருமாக ஊருக்குள் உதவி தேடி ஓடினால், உதவி வந்து சேரும்போது எடுப்பது உடலைத்தான்.

கேள்வி: அனுபவசாலி கூட இருந்தால் பயப்பட வேண்டாம்தானே?
– டியூஷன் மாஸ்டர், வல்லம்

பதில்: 2022 அக்டோபர் 4. உத்தரகாசியின் நேரு மலையேற்ற நிறுவனம், 1965-இல் தொடங்கியது, நாட்டின் பெயர்பெற்ற பயிற்சிப் பள்ளி. திரௌபதி கா தண்டா என்ற சிகரத்தில் பயிற்சிக் குழு ஏறிக்கொண்டிருந்தபோது பனி சரிந்து 29 பேரைக் கொண்டுபோனது. அவர்களில் பயிற்றுநர் சவிதா கன்ஸ்வால், அதே ஆண்டு மே மாதத்தில்தான் எவரெஸ்ட்டையும் மகாலுவையும் அடுத்தடுத்து ஏறியவர். அனுபவத்தில் யார் குறை சொல்ல முடியும்?

இயன் மெக்கேமன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் நடந்த 700-க்கும் மேற்பட்ட பனிச்சரிவு விபத்துகளை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தார். பயிற்சி உள்ளவர்களும், தங்களுக்குப் பழகிய சரிவு என்றால் துணிச்சலை ஏற்றிக்கொண்டார்கள் என்று தெரிந்தது. ‘இங்கே பத்து வருஷமாக வருகிறேன், ஒன்றும் ஆனதில்லை.’ நம் ஊரில் வெறுங்கையோடு மோட்டார் ஃபியூஸ் போடுகிறவர் சொல்வதும் இதே வசனம்தான். பனிக்கு உங்கள் சர்வீஸ் புத்தகத்தைப் படிக்கத் தெரியாது. வாத்தியாரே, மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு பின்னால் வருகிற அனுபவசாலியைவிட, ‘அண்ணே, எனக்குச் சரியாகப் படவில்லை’ என்று கடைசிப் பையன் சொன்னால் நின்று கேட்கிற அனுபவசாலி உத்தமம்.

கேள்வி: புயலுக்கு எச்சரிக்கை சொல்கிற மாதிரி பனிச்சரிவுக்கும் சொல்வார்களா?
– மீன் வியாபாரி, தஞ்சாவூர்

பதில்: சொல்கிறார்கள். சண்டிகரில் டிஜிஆர்இ என்கிற ராணுவ ஆராய்ச்சி அமைப்பு. 1969-இல் மணாலியில் தொடங்கிய ‘சாசே’ என்ற பனி ஆய்வு நிலையத்தின் வாரிசு. மாவட்டவாரியாக நிறம் போட்டு அறிவிக்கிறார்கள். நம் ஊரில் ஆரஞ்சு அலர்ட் என்றால் பள்ளிக்கூடம் லீவா என்று கேட்பதோடு சரி. அங்கே கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும்.

2025 பிப்ரவரி 28-ஆம் தேதி பத்ரிநாத்துக்கு மேலே மானா கிராமத்தருகே எல்லைச் சாலைத் தொழிலாளர் முகாமில் பனி விழுந்தது. 54 பேர் சிக்கினார்கள், 46 பேர் மீண்டார்கள், 8 பேர் இறந்தார்கள். இரும்புக் கன்டெய்னர்களுக்குள் இருந்தது பலரைக் காப்பாற்றியது. முந்தின நாள் மாலை 5 மணிக்கே, 2,400 மீட்டருக்கு மேற்பட்ட பகுதிகளுக்கு எச்சரிக்கை வந்திருந்தது. எச்சரிக்கை வந்த இடத்துக்கும் கேட்க வேண்டிய காதுக்கும் நடுவே உள்ள தூரம்தான் இந்த நாட்டில் நீளமான சாலை.

ஒரு விசித்திரம். உலகின் பல நாடுகளில் அபாயத்தை ஐந்து படியாகப் பிரிக்கிறார்கள். சாவு அதிகம் நான்கிலும் ஐந்திலும் அல்ல, நடுவில் இருக்கிற மூன்றாம் படியை ஒட்டித்தான். ஐந்தில் யாரும் போவதில்லை. மூன்றில் ‘பார்த்துக்கலாம்’ என்று போய்விடுகிறார்கள்.

கேள்வி: இமயமலை எதற்கு? நம் மலைகளுக்குப் போனால் பத்திரம்தானே?
– மளிகைக்கடைக்காரர், பூதலூர்

பதில்: 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. கொழுக்குமலை போய்த் திரும்பியவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்கள் போன பாதைக்கு அனுமதி இல்லை என்றது வனத்துறை. அங்கே பனி, இங்கே நெருப்பு. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. இந்தப் பருவத்தில், இந்தப் பாதையில், இந்த மணிக்குப் போகலாமா? இப்போது அரசே 2024 அக்டோபரிலிருந்து ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளை முறையாகத் திறந்திருக்கிறது. உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டுகிறார்கள். தீக்காலத்தில் மூடிவிடுவார்கள். மூடியிருந்தால் மூடியிருக்கிறது, தெரிந்த ரேஞ்சர் இருக்கிறாரா என்று விசாரிக்கக் கூடாது.

கேள்வி: என் மகன் சித்திரையில் பனிமலைக்குப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். தடுக்கட்டுமா?
– ஒரு தாய், அகரப்பேட்டை

பதில்: தடுக்காதீர்கள் அம்மா. சொல்லாமல் போய்விடுவான். மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். பகல் எத்தனை மணிக்குள் சரிவை விட்டு இறங்குவாய்? திரும்பிவிடலாம் என்று சொல்கிற அதிகாரம் குழுவில் யாருக்கு? எந்த நாளுக்குள் போன் வராவிட்டால் நான் யாருக்குப் போன் போட வேண்டும்? மூன்றுக்கும் பதில் எழுதிக் கொடுத்தால் முறுக்கு சுட்டுக் கொடுத்து அனுப்புங்கள். எழுதத் திணறினால் முறுக்கை மட்டும் சுடுங்கள்.

கேள்வி: போன சித்திரையில் கேதார்காந்தா போனேன் அண்ணே. கிளம்பத் தாமதமாகிவிட்டது. உச்சி கண்ணெதிரே. 200 மீட்டர்தான் பாக்கி. பனி பிழிந்தால் தண்ணீர் சொட்டியது, முழங்கால் வரை புதைந்தது. நான் மட்டும் திரும்பிவிட்டேன். மற்ற நான்கு பேரும் ஏறி, போட்டோ போட்டு, இன்றுவரை கேலி செய்கிறார்கள். நான் செய்தது சரியா?
– ஐடிஐ மாணவர், பூதலூர்

பதில்: சரி. அவர்கள் நான்கு பேரும் செய்தது தப்பு. தப்பாக முடியவில்லை, அவ்வளவுதான். உங்களிடமும் ஒரு தப்பு உண்டு: தனியாக இறங்கியிருக்கக் கூடாது, கைடையாவது கூட்டிக்கொண்டு இறங்கியிருக்க வேண்டும். அடுத்த முறை இரண்டு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள், உச்சியும் கிடைக்கும். போகுமுன் ஒருநாள் மாலை என் வீட்டுத் திண்ணைக்கு வாருங்கள். அந்த 200 மீட்டர் எப்படி இருந்தது என்று எனக்கு முழுசாகச் சொல்ல வேண்டும்.